மைனர் இல்லைங்க

1

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அதிலிருந்து என் மருமகள் எனக்குக் காப்பி வைக்கிறபோது டம்ளர் கொஞ்சம் சத்தம் போடுகிறது. மகன் காலையில் "வர்றேம்மா" என்பதைச் சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போகிறான். போகட்டும். இவர்கள் முகம் கோணாமல் பார்த்துக்கொள்வதற்காக நான் அமெரிக்காவுக்கு ஏறி வரவில்லை. ஏன் போடவில்லை என்று இங்கே கேட்க ஆள் இல்லாததால் அங்கே பத்திரிகை படிக்கிற உங்களுக்கு எழுதுகிறேன். எனக்கு எழுத்துக்கூட்டித்தான் எழுத வரும். பிழை இருந்தால் அச்சுப் போடுகிறவர் திருத்திக்கொள்ளலாம். விசயத்தைத் திருத்த வேண்டாம்.

நடந்தது இது. இந்த ஊரில் பதினேழு வயசுப் பையன்கள் இரண்டு பேர் யாருடைய காரையோ எடுத்து ஓட்டிக்கொண்டு போய், நடந்து போய்க்கொண்டிருந்த நம் தமிழ் ஆள் ஒருவரை இடித்துவிட்டார்கள். நல்ல மனுசன். இடுப்பில் இரும்பு வைத்துத் தைத்திருக்கிறார்கள். நான் ரசம் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன், அவர் பெண்சாதி அழுததையும் பார்த்தேன். அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

சந்தேகமெல்லாம் எங்கள் வீட்டுக் கூடத்தில் கூடினவர்கள் மேல்தான். இங்கே பிள்ளைகளுக்கு ஒரு கோர்ட்டு, பெரியவர்களுக்கு ஒரு கோர்ட்டு. அந்தப் பையன்களை எதில் நிறுத்துவது என்று பேச்சு நடக்கிறதாம். பெரிய கோர்ட்டில்தான் நிறுத்த வேண்டும் என்று சர்க்கார் வக்கீலுக்கு எழுதி, நம் ஆட்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். சமோசா தின்ற கையைத் துடைத்துவிட்டுப் போட்டார்கள். கடைசியில் என்னிடம் வந்தது.

"அம்மா, நீங்கதான் இங்க மூத்தவங்க. உங்க கையெழுத்து இருந்தா ஒரு மரியாதை," என்றார் பல் டாக்டர் ஒருவர். அவர்தான் கூட்டத்துக்குத் தலைவர் மாதிரி.

"என்ன எழுதியிருக்கு?"

"அந்தப் பசங்க பெரியவங்க மாதிரி யோசிச்சுச் செஞ்சிருக்காங்கன்னு எழுதியிருக்கோம்."

"பெரியவங்க மாதிரின்னா, காரை ஒழுங்கா ஓட்டத் தெரிஞ்சிருக்கும்ல?" என்றேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. இந்த ஊரில் சிரிப்புக்கும் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். "அந்தப் பசங்க மைனர் இல்லம்மா, இன்னும் ஒரு வருசத்துல மேஜர்," என்று விளக்கினார் பல் டாக்டர். மைனர் என்ற சொல் காதில் விழுந்ததும் நான் பேனாவை மூடிக் கொடுத்துவிட்டேன். அந்தச் சொல்லோடு எனக்கு ஒரு பழைய கணக்கு உண்டு.

2

எங்கள் ஊர் கோடைக்கானலுக்கு அந்தப் பக்கம், கிளாவரைக்குப் போகிற தடத்தில். பேரைச் சொல்ல மாட்டேன், அங்கே இருக்கிறவர்களின் பேரன் பேத்திகள் இப்போது நல்லபடியாக இருக்கிறார்கள். வெள்ளைக்காரன் போய்ப் பத்து வருசம் இருக்கும், நயா பைசா வந்த புதுசு. எங்களுக்கு ரோடு கிடையாது. பூண்டும் உருளைக்கிழங்கும் மட்டக்குதிரை மேல் ஏறிக் கோடைக்கானல் சந்தைக்குப் போகும்.

ஊரில் ஒரு வீடு என்றால் ஒரு தலைக்கட்டு. பன்றிக் காவலா, தடம் வெட்டுகிற வேலையா, "தலைக்கட்டுக்கு ஒரு ஆள்" என்று சத்தம் போட்டுக்கொண்டு வருவான் ஊர்க்காரன். ஆள் வரவேண்டும். கோயில் சாட்டித் திருவிழா எடுத்தால் கிடா வெட்டித் தலைக்கட்டுக்கு ஒரு பங்கு இலையில் வைப்பார்கள். கூட்டத்தில் உட்கார இடம், பேச வாய், எல்லாம் தலைக்கட்டுக்குத்தான். தலைக்கட்டு என்றால் ஆம்பளை.

எங்கள் அம்மா காய்ச்சலில் போனாள். அப்புறம் அப்பனைக் காட்டுமாடு முட்டிப் போட்டது. வீட்டில் மிஞ்சினது நானும் என் தம்பி குழந்தைவேலும். எங்கள் பக்கத்து முருகனுக்கு அந்தப் பேர், அதனால் தெருவுக்கு ரெண்டு குழந்தைவேலு இருப்பார்கள். எனக்கு அப்போது கல்யாண வயசு தாண்டிக்கொண்டிருந்தது. அவனுக்குப் பதினாலு. பூண்டுக்குக் குழி எடுத்தது நான், உரம் சுமந்தது நான், குதிரைக்காரனிடம் சண்டை போட்டது நான். ஆனால் பதினாறாம் நாள் காரியத்தில் தாய்மாமன் உருமாவைக் கட்டினது அவன் தலையில். பெரியாள் அளவுக்குத் துணி. கட்டி முடித்ததும் கண்ணை மறைத்துக்கொண்டு இறங்கிவிட்டது. துணியை மேலே தள்ளி என்னைத் தேடினான், நான் எங்கே நிற்கிறேன் என்று.

ஊர்ப் பெரியதனம் சடையாண்டி மாமா. கூப்பிடுகிற முறைக்கு மாமா, மற்றபடி உறவு ஒன்றும் இல்லை. நல்ல சிவப்பு, காதில் கடுக்கன், கீழ்நாட்டுக் கோர்ட்டில் நிலத்து வழக்குக்காக வருசக்கணக்கில் நடந்தவர். அவர் எழுந்து, "இன்னையிலிருந்து குழந்தைவேலு ஒரு தலைக்கட்டு. ஊர்வேலைக்கு ஆள் கொறையப்படாது பாருங்க," என்றார். துக்க வீட்டில் அவருக்கு இருந்த விசாரம் அதுதான்.

அன்றைக்கு ராத்திரி சோறு போட்டபோது தம்பி சப்பணம் கூட்டி நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"அக்கா, இனி நாந்தான் தலைக்கட்டு."

"சரிங்க தலைக்கட்டு. மொதல்ல மூக்கைச் சிந்திட்டு வாங்க," என்றேன்.

அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. எழுந்து போய்ச் சிந்திவிட்டுத்தான் வந்தான்.

3

இந்த ஊரில் பதினேழு வயசு என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். கையெழுத்துப் போட்ட பல் டாக்டருக்குப் பதினேழு வயசில் ஒரு மகன் இருக்கிறான். அன்றைக்கு அவனும் வந்திருந்தான், மாடிப்படியில் உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருந்தான். அவன் அம்மா ஆரஞ்சுப் பழத்தை உரித்து, கொட்டையை எடுத்து, சுளை சுளையாகத் தட்டில் அடுக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். "குழந்தை மதியத்திலேருந்து ஒண்ணும் சாப்பிடல ஆன்ட்டி," என்று என்னிடம் சொல்லிக்கொண்டாள். அதே கையால்தான் வந்து கையெழுத்துப் போட்டாள். கொட்டையோடு பழம் தின்னத் தெரியாத வயசும் பதினேழு, ஜெயிலில் பெரியவர்களோடு கிடக்கத் தகுந்த வயசும் பதினேழு. பெற்றவள் யார் என்பதைப் பொறுத்து வயசு மாறுகிறது இவர்களுக்கு.

என் பேரனுக்கும் அதே வயசுதான். அவனுக்குத் தமிழ் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில் வரும். தோசை வேண்டுமா என்று கேட்டால் தோளைக் குலுக்குவான். அது வேண்டும் என்பதா வேண்டாம் என்பதா என்று இத்தனை வருசமாக எனக்குப் பிடிபடவில்லை. நான் ஊற்றி வைத்துவிடுவேன், தின்றுவிடுவான்.

இங்கே ஆபீசில் வயசு எழுதுகிற லட்சணத்தையும் பார்த்துவிட்டேன். நான் வந்த புதிதில் ஒரு கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண், பிறந்த தேதி என்ன என்று கேட்டாள். பூண்டு நடுகிற சமயம் என்று மகனிடம் சொன்னேன். மகன் அதைச் சொல்லவில்லை. இங்கிலீஷில் ஏதோ பேசினான், அவள் சிரித்துக்கொண்டே ஜனவரி முதல் தேதி என்று போட்டுவிட்டாள். இங்கே தேதி தெரியாத கிழடுகள் பாதிப்பேருக்கு ஜனவரி முதல் தேதிதான் பிறந்தநாளாம். நான் பிறந்து அறுபது வருசத்துக்கு மேலே ஆன பிறகு எனக்கு இந்தச் சர்க்கார் ஒரு பிறந்தநாள் பெற்றுக் கொடுத்தது. வருசா வருசம் கேக்கு வெட்டுகிறார்கள். நானும் ஊதுகிறேன். இப்படிப்பட்டவர்கள்தான் ஒரு பையன் இந்தத் தேதி வரைக்கும் பிள்ளை, மறுநாள் வெள்ளனே எழுந்தால் ஆள் என்று கோடு கிழிக்கிறார்கள். சரி, கிழித்தது கிழித்தார்கள். அந்தக் கோட்டுக்காவது கட்டுப்பட்டார்களா என்றால், அதைத் தாண்டித் தூக்கிப் போட வழி கேட்டு என் வீட்டுக் கூடத்தில் கூட்டம் போடுகிறார்கள்.

4

எங்கள் ஊர்ப் பூண்டை வாங்க ஒரு தரகர் வருவார். எவ்வளவு காயவைத்துக் கொடுத்தாலும் விரலால் நசுக்கிப் பார்த்து, "ஈரமாக் கெடக்கு," என்று எடையில் தள்ளுவார். அந்த வருசம் அவர் தள்ளினது ரொம்ப அதிகம். ஊர் கூடி, தரகர் குதிரை இறங்குகிற தடத்தை மறிப்பது, ஊர்த் தராசில் மறு எடை போடாமல் விடுவதில்லை என்று முடிவு செய்தார்கள். தலைக்கட்டுக்கு ஒரு ஆள் என்று சத்தம் வந்தது.

என் தம்பிக்கு அப்போது பதினாறு முடியவில்லை. கம்பளியைப் போர்த்திக்கொண்டு வெள்ளனே கிளம்பினான். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பன்றிக் காவலுக்குப் போகிற மாதிரிதான் அதுவும். ஆள் போகாத வீட்டை ஊர் என்ன பேசும் என்று எல்லோருக்கும் தெரியும்.

பனி விலகுகிறதுக்குள் திரும்பி வந்துவிட்டான். வந்தவன் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கையைக் காட்டிக்கொண்டே இருந்தான். தரகர் வாய்க்கு வந்தபடி ஏசியிருக்கிறார். மலைக்குரங்குகளுக்குத் தராசு ஒரு கேடா என்று கேட்டிருக்கிறார். சடையாண்டி மாமா மகன் முத்துக்கருப்பன், தடிமாடு, கல்யாணமாகி ரெண்டு பிள்ளைக்குத் தகப்பன், கல்லை எடுத்து எறிந்தான். நெற்றியில் பட்டது. தரகர் பள்ளத்தில் உருண்டார். கட்டிலில் தூக்கிக்கொண்டு கோடைக்கானல் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அங்கே செத்துப்போனார் என்று அப்புறம் தெரிந்தது.

"நீ எறிஞ்சியாலே?"

"நான் கல்லைத் தொடவே இல்லக்கா. குதிரை மிரண்டுச்சு, நான் குதிரையத்தான் புடிச்சேன்."

அவன் உள்ளங்கையில் கயிறு அறுத்த சிவப்பு இருந்தது. எண்ணெய் தடவிவிட்டேன். அவன் பொய் சொல்லத் தெரிந்தவன் இல்லை. பொய் சொன்னால் காது சிவந்துவிடும், எங்கள் அம்மாவுக்கும் அப்படித்தான்.

போலீசு மேலே ஏறி வருகிறது என்று தகவல் வந்ததும் ஊர்க் கூட்டம் போட்டார்கள். பெண்கள் எல்லைக்கு வெளியே, விறகு அடுக்குக்குப் பின்னால் நிற்கலாம். நின்றேன். சடையாண்டி மாமா என் தம்பியைத் தனக்குப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்தார். அத்தனை நாளும் கடைசி வரிசையில் செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன் அவன்.

"வாப்பா தலைக்கட்டு. ஊருக்கு ஒரு இக்கட்டு. பெரிய ஆளு ஒத்துக்கிட்டா தூக்குதான். குடும்பம் நடுத்தெருவுல. உனக்குப் பதினாறு. பையன் கோர்ட்டுல நிறுத்துவாங்க. பள்ளிக்கூடம் மாதிரி ஒரு எடத்துல கொஞ்ச நாளு வச்சு, தச்சு வேல சொல்லிக் குடுத்து அனுப்பிருவாங்க. ஊரே உன்னியக் கையெடுத்துக் கும்புடும்."

என் தம்பி எல்லோர் முகத்தையும் பார்த்தான். மீசை நரைத்தவர்களெல்லாம் அவன் பதிலுக்குக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்படி ஒரு காத்திருப்பை அவன் பார்த்ததே இல்லை.

"சரிங்க மாமா," என்றான்.

நான் எல்லையைத் தாண்டி உள்ளே போய்விட்டேன். "அவன் எறியல. எறிஞ்சவன் அந்தா உக்காந்திருக்கான்," என்றேன்.

முத்துக்கருப்பன் தரையைப் பார்த்தான். சடையாண்டி மாமா சிரித்த முகமாகவே, "ஏத்தா, ஆம்பளைக பேசுற எடத்துல உனக்கு என்ன சோலி? உங்க வீட்டுத் தலைக்கட்டு பேசிட்டான்," என்றார். என் தம்பிதான் என்னை வெளியே கூட்டிக்கொண்டு வந்தான்.

"ஊரு கேட்டுச்சுக்கா. தலைக்கட்டு மாட்டேன்னு சொல்லலாமா?"

"ஏலே, கூறுகெட்டவனே. கொல்லவும் இல்ல, கொலைகாரன்னு ஒத்துக்கிறியே!"

"தச்சு வேல சொல்லித் தருவாங்கல்ல," என்றான். அதுதான் அவனுக்குப் பெரிசாகத் தெரிந்தது. பதினாறு வயசு.

5

கோர்ட்டு மலைக்குக் கீழே. நான் முதல்முதலாகப் பஸ் ஏறினது அன்றைக்குத்தான், கொண்டை ஊசி வளைவெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டே இறங்கினேன். கீழே வெயில் அடித்த அடியில் கம்பளியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற எங்களைப் பார்த்து டீக்கடைக்காரன் சிரித்தான்.

அதற்குள் ஒரு டாக்டரைக் கொண்டு என் தம்பிக்கு வயசு பார்த்திருந்தார்கள். மாட்டுச் சந்தையில் மாதிரி வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்தாராம், தோளைப் பிடித்துப் பார்த்தாராம், பதினாறிலிருந்து பத்தொன்பது வரைக்கும் எதுவாகவும் இருக்கலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாராம். பத்து வயசிலிருந்து மூட்டை சுமந்தவன் தோள் எப்படி இருக்கும்? இதைச் சொல்ல ஒரு படிப்பு, ஒரு கழுத்துக் குழாய்.

எங்கள் ஊர் வைத்த வக்கீல், பையன் சின்னவன், சிறுவர் கோர்ட்டுக்கு மாற்ற வேண்டும் என்று சொன்னார். அதுவரை சடையாண்டி மாமா சொன்னபடிதான் போய்க்கொண்டிருந்தது. உடனே தரகர் பக்கத்து வக்கீல் எழுந்தார். அவர் சொன்னதை எங்கள் வக்கீலின் குமாஸ்தா எங்களுக்குத் தமிழில் சொன்னான்: "சின்னப் பையன்னா அவனாத் தடத்தை மறிச்சிருக்க மாட்டான். பின்னால நின்ன பெரியவங்க யாருன்னு விசாரிக்கணும்ங்கிறாரு."

சடையாண்டி மாமா துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். முத்துக்கருப்பன் எங்கள் வரிசையிலேயே எனக்கு நாலு ஆள் தள்ளி உட்கார்ந்திருந்தான்.

நீதிபதி என் தம்பியை நேராகப் பார்த்துக் கேட்டார். பாவம், அவரும் தமிழில் கேட்கிறதாகத்தான் நினைத்தார்.

"ஏம்ப்பா, நீ மைனரா?"

உங்களுக்குத் தெரியும். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் மைனர் என்றால் என்ன? சில்க் ஜிப்பா, கழுத்தில் சங்கிலி, கைக்குட்டையில் சென்ட், அடுத்தவன் பெண்சாதி வீட்டுப் பக்கம் ஒரு நடை. கோடைக்கானலுக்கு சீசனில் கீழ்நாட்டிலிருந்து அப்படி ரெண்டு மூணு பேர் வந்து குதிரை ஏறிச் சுற்றுவார்கள். "மைனர் போறான் பாரு," என்று பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஊர்ப் பையன் எவனையாவது மைனர் என்று சொன்னால் அவன் அப்பன் அடிக்க வருவான்.

என் தம்பிக்கு முகம் சிவந்துவிட்டது. அத்தனை ஜனத்துக்கு முன்னால் அக்காவை வைத்துக்கொண்டு இப்படிக் கேட்கிறாரே என்று.

"ஐயோ, மைனர் இல்லைங்க சாமி! அப்பிடிப்பட்ட ஆளு இல்ல நானு. ஊர்ல ஒரு தலைக்கட்டுங்க."

நீதிபதி பேனாவை வைத்துவிட்டு, தலைக்கட்டு என்றால் என்ன என்று கேட்டார். தம்பி சொன்னான், வீட்டுக்கு நான்தான் பொறுப்பு, கூட்டத்தில் எனக்கு இடம் உண்டு, பங்கு உண்டு, காவலுக்கு நான்தான் போவேன், என்று. நன்றாகச் சொன்னான். திக்கவே இல்லை. நீதிபதி எங்கள் பக்கம் திரும்பி, ஊர்ப் பெரியவர் யார், இது நிசமா, இவன் மைனர் இல்லையா, என்று கேட்டார்.

சடையாண்டி மாமா எழுந்தார். மைனர் என்றால் கோர்ட்டுப் பாசையில் என்ன அர்த்தம் என்று எங்கள் ஊரில் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அவருடைய தம்பி மக்கள் மைனராக இருந்தபோது அவர்கள் நிலத்தைத் தன் பேருக்கு மாற்ற அந்தக் கோர்ட்டு வாசலில் எத்தனை வருசம் நடந்தவர் அவர்!

"ஆமாங்க எசமான். மைனர் இல்லீங்க. முழு ஆளு. சொந்தமா ரோசிச்சுச் செய்றவன், நாங்க சொன்னாலும் கேக்க மாட்டான்."

என் தம்பி அவரைப் பார்த்த பார்வையை எப்படி எழுதுவது? நன்றியோடு பார்த்தான். கோர்ட்டில் வைத்துப் பெரிய மாமா தன்னை முழு ஆள் என்று சொல்லிவிட்டாராம்.

எனக்கு அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரியாது. ஆனால் சடையாண்டி மாமா முகம் தெரியும். எழுந்துவிட்டேன்.

"சாமி, பையன் சாமி அவன். பதினாறு முடியல."

"ஆதாரம் இருக்கா?"

"நாந்தான் ஆதாரம். அவன் பெறந்தப்ப வெளக்கப் புடிச்சுக்கிட்டு நின்னது நானு."

கோர்ட்டு முழுக்கச் சிரித்தது. குமாஸ்தா ஒருவன், "பேர்லயே குழந்தைய வச்சுக்கிட்டு ஆள் அடிச்சிருக்கான்," என்று சொன்னது என் காதில் விழுந்தது. கல் எறிந்தவன் யார் என்று சொல்லவும் வாயைத் திறந்தேன். அதற்குள் கூண்டிலிருந்து என் தம்பியே சொன்னான்:

"அக்கா, உக்காரு. மானத்த வாங்காத."

சேவகன் வந்து என்னை வெளியே கொண்டுபோய் விட்டான்.

பெரிய கோர்ட்டிலேயே நடந்தது. ஏழு வருசம் ஜெயில் போட்டார்கள்.

6

மைனர் என்றால் என்ன என்று அப்புறம் எங்கள் வக்கீலின் குமாஸ்தாவிடம்தான் கேட்டேன். "வயசு வராத பையன்னு அர்த்தம்மா. ஆமான்னு சொல்லியிருந்தா வேற கோர்ட்டு," என்றான். நாலு எழுத்து அதிகமாகச் சொல்லியிருந்தால் போதும் அந்த நீதிபதி, சின்னப் பையனா என்று. இங்கிலீஷ் படித்தவர்களுக்குத் தமிழில் சிறு சொல் வாயில் வராது.

தம்பியைக் கீழ்நாட்டு ஜெயிலில் பெரிய கைதிகளோடு போட்டார்கள். தச்சு வேலை இல்லை, கல் உடைக்கிற வேலை. பார்க்கப் போகிறபோது முதல் வருசம், "ஊர்ல எல்லாரும் என்னியப் பத்திப் பேசுறாங்களாக்கா?" என்று கேட்டான். ரெண்டாவது வருசம் கேட்கவில்லை. அவன் முன்பல்லில் பாதி இல்லை. யார் என்று கேட்டேன், விழுந்துவிட்டேன் என்றான். காது சிவந்தது. அவனுக்குக் காகிதம் போட வேண்டும் என்றுதான் நான் எழுத்துப் படித்தேன். எழுதிக் கொடுக்கிறவன் நான் சொல்லாததையெல்லாம், "நலம், நலமறிய அவா," என்று போட்டுவிடுவான். எனக்கு அப்படி ஒரு அவாவும் இல்லை. அவன் நலமாக இல்லை என்று எனக்குத் தெரியும்.

கோயில் சாட்டினார்கள். கிடா வெட்டி, இலை போட்டு, தலைக்கட்டுப் பேர் சொல்லிப் பங்கு வைத்தார்கள். எங்கள் வீட்டுப் பேரைத் தாண்டிப் போனார்கள். நான் போய் நின்றேன்.

"எங்க வீட்டுப் பங்கு?"

"உங்க வீட்ல இப்ப ஆம்பளை இல்லையே தாயி," என்றார் சடையாண்டி மாமா.

"எங்க போனான் ஆம்பளை? கோர்ட்டுல முழு ஆளுன்னு சொன்னீங்களே. முழு ஆளுன்னா பங்கை வைங்க. பையன்னா, வாங்க, கோர்ட்டுல போயி அதச் சொல்லுவோம்."

ஒருவன் மட்டும் இலையை எடுத்து ஒரு பங்கை என் பக்கம் தள்ளினான். அது முத்துக்கருப்பன். அவன் கையால் தள்ளினதை நான் தொடவில்லை. வந்துவிட்டேன். அதற்கு அப்புறம் எத்தனை கோயில் சாட்டினாலும் நான் போனதில்லை, அவர்களும் என்னைக் கேட்டதில்லை.

இப்போது இங்கே பெரிய பெரிய படிப்பாளிகள் டிவியில் உட்கார்ந்து, அந்த வயசில் மூளை எவ்வளவு வளர்ந்திருக்கும் என்று படம் போட்டுக் காட்டுகிறார்கள். எதிரே உட்கார்ந்தவர், துப்பாக்கி பிடிக்கத் தெரிந்த கைக்குத் தண்டனை தெரிய வேண்டாமா என்கிறார். இரண்டு பேரும் கோட்டு போட்டிருக்கிறார்கள். எனக்கு இரண்டு பேர் மேலும் மரியாதை இல்லை. பையன் தப்புச் செய்தால் பையன் என்றே நிறுத்து, பையனுக்கு உள்ளதைக் கொடு. கண்டிப்பாகக் கொடு. கார் எடுத்தவன் அந்த மனுசன் இடுப்பைப் பார்த்து அழட்டும். ஆனால் அவனைப் பெரியவன் என்று எழுதச் சொல்லி ஒருத்தன் பேனாவை நீட்டினால், அவனுக்கு அதில் என்ன வசதி என்று முதலில் பாருங்கள். என் தம்பி பெரியவன் ஆனதில் ஊரில் எல்லோருக்கும் வசதி இருந்தது. கூடத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் சடையாண்டி மாமா அளவுக்குக் கெட்டவர்கள் இல்லை. அவராவது என்ன செய்கிறோம் என்று தெரிந்து செய்தார்.

7

ஏழு வருசத்தில் கொஞ்சம் கழித்து விட்டார்கள். அவன் வந்தபோது எங்கள் ஊருக்குப் பாதித் தூரம் ஜீப்பு வர ஆரம்பித்திருந்தது. இருபத்திரண்டு வயசு, முன் தலையில் முடி இல்லை. திரும்பத் திரும்பக் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்ப்பான். பகலில் தூங்குவான். கூட்டத்துக்கு வா என்று ஆள் அனுப்பினார்கள், போகவில்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அவன் சொல்ல வேண்டியிருக்கும்.

ஒரு நாள் சாயங்காலம் ஊர்க்காரன் சத்தம் போட்டுக்கொண்டு வந்தான். ஜீப்பு வருகிற அளவுக்கு மீதித் தடத்தையும் வெட்ட வேண்டும், நாளைக்கு வெள்ளனே, தலைக்கட்டுக்கு ஒரு ஆள். எங்கள் வாசலில் நின்றான். அவனுக்குப் பின்னால் சடையாண்டி மாமாவே வந்திருந்தார், கம்பை ஊன்றிக்கொண்டு. கிழடு தட்டிவிட்டிருந்தது, கடுக்கன் மட்டும் அப்படியே இருந்தது.

"குழந்தைவேலு, வந்துருப்பா. நம்ம ஊருக்கு ரோடு வருது. உன்னிய மாதிரி தலைக்கட்டுகதான் முன்னால நிக்கணும்," என்றார்.

என் தம்பி கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தான். எழுந்திரிக்கவில்லை. சத்தம் போடவும் இல்லை. ஜெயிலிலிருந்து வந்த பிறகு அவன் அவ்வளவு நீளமாகப் பேசினது அதுதான்.

"நான் மைனருங்க மாமா. எனக்கு ஒண்ணும் தெரியாது. இந்த வீட்டுக்குத் தலைக்கட்டு எங்கக்காதான், அதுகிட்ட கேளுங்க."

சடையாண்டி மாமா கம்பை மாற்றிப் பிடித்தார். என்னையும் பார்க்கவில்லை, ஊர்க்காரனையும் பார்க்கவில்லை. அப்புறம் போய்விட்டார்.

மறுநாள் வெள்ளனே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். ஆம்பளைகள் வரிசையாக நின்றார்கள். ஊர்க்காரன் தலைக்கட்டுப் பேர் கூப்பிட்டுக்கொண்டே வந்தான், எங்கள் வீட்டுப் பேர் வந்ததும் வாயைத் திறந்து மூடினான். "இருக்கேன்," என்றேன். அவன் அடுத்த பேரைக் கூப்பிட்டான்.

எனக்குக் கிடைத்த இடத்துக்குப் பக்கத்து இடம் முத்துக்கருப்பனுக்கு. பொழுதுக்கும் அவன் என் பக்கம் திரும்பவில்லை. நான் அவன் பக்கம் மண்ணைத் தள்ளினேன், அவன் அதை வாரிக் கொட்டினான். மத்தியானத்துக்குள் எங்கள் பாகம் முடிந்துவிட்டது. ரோடு நன்றாகவே வந்தது.